அமலி வளர்த்த மயில்துத்தம்

தெப்பம்பாறையில் யாருடைய வயதையாவது சொல்ல வேண்டி வந்தால் இன்றைக்கும் அந்த வருஷத்தை நடுவில் நிறுத்திக்கொண்டுதான் சொல்வார்கள். இவன் நீலக்கல் வளர்வதற்கு முந்திப் பிறந்தவன், இவள் நீலக்கல் கரைந்த பிறகு வாக்கப்பட்டு வந்தவள் என்பார்கள். சொல்கிறவர் குரலில் வியப்பு எதுவும் இருக்காது, பக்கத்து ஊரில் பாலம் கட்டிய வருஷத்தைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

ஊர் மேற்கு மலையின் காலடியில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மேகங்கள் மிச்சம் மீதியை இந்தப் பக்கம் சாரலாகத் தூவிவிட்டுப் போகும். தெருக்கள் முடிகிற இடத்தில் திராட்சைப் பந்தல்கள் தொடங்கி ஆற்றங்கரை வரைக்கும் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டது போல் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மயில்துத்த மூட்டை. மயில் கழுத்து நிறத்தில் இருக்கிற அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புப் பாலோடு சேர்த்துக் கொடிகளுக்கு அடித்தால் நோய் அண்டாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைப் பாடப் புத்தகத்தில் காப்பர் சல்ஃபேட் என்று எழுதியிருப்பார்கள் என்பதும், அதற்குள் செம்பும் கந்தகமும் ஆக்சிஜனும் போகக் கொஞ்சம் தண்ணீரும் ஒளிந்திருக்கிறது என்பதும் அமலிக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அரைகுறையாக.

அமலோற்பவ மேரி என்பது அவள் முழுப்பெயர். பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறி வேதியியலில் மட்டும் தவறியவள். முடிவு வந்த வாரத்திலேயே சேசுராசாவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. கல்யாணமாகி, ரோசலி பிறந்து, ரோசலி அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, நான் கெமிஸ்ட்ரி மறுபடி எழுதட்டுமா?"

"எழுதி?"

"எழுதி ஒண்ணுமில்ல. பாஸ் பண்ணணும்."

சேசுராசா அதிகம் பேசாதவன். கையில் இருந்த கொடியைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, "சரி, எழுது. சாயங்காலத்துல புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றான்.

அமலிக்கு வேதியியல் வராமல் போனதற்குக் காரணம் அவள் மண்டை அல்ல. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மேஜை இருந்தது. டீச்சர் ஒரு குழாயில் இருப்பதை இன்னொரு குழாயில் ஊற்றும்போது பின்வரிசையில் நின்ற அமலிக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் சடையும் ரிப்பனும்தான். கண்ணால் பார்க்காத எதுவும் அவளுக்கு மனதில் தங்காது. அதனால் இந்த முறை புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் அடுப்படியிலேயே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சோப்பு நுரையைவிட்டுச் சிவக்கவைத்தாள், அதிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து மறுபடி மஞ்சளாக்கினாள், சமையல் சோடாவில் புளித்தண்ணீரை ஊற்றிப் பொங்கவிட்டு அந்தப் பொங்கலின் மேல் தீக்குச்சியைக் காட்டி அணையவைத்தாள்.

அவள் மாமியார் சூசையம்மாள் அடுப்படி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"மஞ்சத் துணியில சோப்புப் பட்டா செவக்கும்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு பரீட்சையாக்கும்?"

"இதேதான் அத்தே பரீட்சை."

"அப்ப நானும் எழுதலாம் போலயே" என்று சொல்லிவிட்டுச் சூசையம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

இப்படி ஒவ்வொரு பாடமாக வந்து, சித்திரை வெயிலில் ஒருநாள் படிகம் வளர்க்கிற பாடம் வந்தது. கொட்டகை மூட்டையிலிருந்து துத்தம் எடுத்து, கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் போட்டுக் கலக்கி, இனி ஒரு கல்கூடக் கரையாது என்று தண்ணீர் மறுக்கிறவரை போட்டுக்கொண்டே இருந்தாள். அப்படி மறுக்கிற தண்ணீருக்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர். அந்தப் பெயரைப் படித்தபோது பாயசம் போதும் என்று இலையை மூடுகிற விருந்தாளியை நினைத்துக்கொண்டாள், அதன் பிறகு அது மறக்கவில்லை. ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் அந்த நீலத்தை ஊற்றி, ஒரு சின்னத் துத்தக் கல்லைத் தையல் நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, அடுப்படியின் வாசல் பக்க ஜன்னலோரம் வைத்தாள்.

காலையில் அது கிராம்பளவு இருந்தது. மறுநாள் சுண்டுவிரல் அளவு. பட்டை தீட்டியவர் யாருமில்லாமலே பட்டை வந்திருந்தது, விளிம்புகள் கத்தியால் சீவியதுபோல் இருந்தன. சாய்ந்த முகங்கள் ஒன்றை ஒன்று தொடுகிற கோணத்தை அமலி ரோசலியின் அங்கன்வாடிப் பையில் கிடந்த அட்டையை வெட்டி அளந்து வைத்துக்கொண்டாள். கல் எலுமிச்சை அளவானபோதும், தேங்காய் அளவானபோதும் அந்த அட்டை அதே முகங்களில் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. எத்தனை பெரிதானாலும் தன் சாய்மானத்தை மறக்காத அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கல் வளர்வது நிற்கவில்லை என்பதைவிட, வளர்ந்தும் மாறவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்பியபோது ஜாடி உடைந்து கிடந்தது. கல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தரையில் காலூன்றி நின்று, வெறும் காற்றிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. சேசுராசா சுற்றி வந்து பார்த்துவிட்டு அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றினான். பிறகு அது உத்திரத்தைத் தொட்டபோது ஏணி போட்டு ஏறி, வருகிற விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிடுவது போல் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான், வாசல் பக்கச் சுவரையும் பிரித்துவிட்டான். வைகாசி பிறக்கும்போது கல் கூரைக்கு மேலே தலையை நீட்டியிருந்தது. அந்த மாதம் முழுக்க வளர்ந்து, கோயில் கொடிமரத்துக்கும் தேவாலய மணிக்கூண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தை அதுவாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டு நின்றது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. காலை வெயில் கல்லுக்குள் புகுந்து வெளியே வரும்போது நடுத்தெரு முழுக்க நீலம் விழும். அந்த நேரத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர்கள் நீல வேட்டியோடு நடந்தார்கள். பால்காரர் பால் நீலமாகத் தெரிகிறது என்று யாரும் குறை சொல்லிவிடாதபடி அந்தத் தெருவுக்கு மட்டும் முன்னதாகவே வந்துபோனார். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் கம்பத்திலிருந்து வந்து மாப்பிள்ளை பெண்ணைக் கல்லின் முன்னால் நிறுத்தினார்கள். அது மாதாவின் அங்கி நிறம் என்று லாசர் உபதேசியார் சொன்னார், முருகனின் மயில் நிறம் என்று மேலத்தெருவில் சொன்னார்கள். அதற்காகச் சண்டை போடுகிற அளவுக்கு யாருக்கும் நேரம் இல்லாததால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பூச்சரம் சாத்திவிட்டுப் போனார்கள். அமலி ஒரு அட்டையில், 'இது விஷம், நக்கிப் பார்க்க வேண்டாம், ஆடு மாடு கட்ட வேண்டாம்' என்று எழுதித் தொங்கவிட்டாள். அதைப் படித்தவர்கள், சாமி என்றால் கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும் என்று தலையாட்டினார்கள். கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் தெப்பம்பாறை என்ற பெயரை விட்டுவிட்டு 'நீலம் தெரியிற ஊர்' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

எல்லோரையும்விட அதிகம் மாறியது சூசையம்மாள்தான். புருஷன் போன நாளிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு வேலையில்லாமல் ஒருவரும் வந்ததில்லை. இப்போது விடிந்தால் ஆள், அடைந்தால் ஆள். அவள் ஈரமில்லாத துண்டால் கல்லின் தூசியைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் விவரம் சொன்னாள். "எங்க அமலி வளத்தது. தெவிட்டிய கரைசல்ல வளத்தது" என்பாள். தெவிட்டிய என்ற சொல் அவள் வாயில் ஒரு பட்டம்போல் ஒலித்தது.

அமலி மட்டும் கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், துணைத்தேர்வு ஆனி மாதத்தில் வந்தது. இரவல் வாங்கிய பழைய வினாத்தாள்களை முடித்தாள், சமன்பாடுகளை இரண்டு பக்கமும் எண்ணி எண்ணிச் சரிசெய்தாள். அந்தப் பக்கம் எத்தனை அணு போனதோ இந்தப் பக்கம் அத்தனையும் வந்து சேர வேண்டும், ஒன்று குறைந்தாலும் கணக்கு நிற்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சிலசமயம் பேனாவை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கல்லைப் பார்ப்பாள். ஒரு ஜாடித் துத்தத்திலிருந்து இது எப்படி வந்தது, மிச்சமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று மனசுக்குள் ஒரு கேள்வி தட்டும். பரீட்சை முடியட்டும் என்று மறுபடி குனிந்துகொள்வாள்.

பரீட்சைக்கு முன்பாகச் சாரல் வந்தது. வழக்கமாகத் தூவிவிட்டுப் போகிற சாரல் அந்த வருஷம் போகாமல் பந்தல்களின் மேலேயே படுத்துக்கொண்டது. பன்னீர் திராட்சை பிஞ்சு பிடித்து மிளகளவு நின்ற நேரம். இலைகளின் அடிப்புறத்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் நோய் தெரிய ஆரம்பித்தது. இரண்டு நாள் விட்டால் இலை கருகும், நாலு நாள் விட்டால் கொத்து கொத்தாகப் பிஞ்சு உதிரும், ஒரு வாரம் விட்டால் அந்த வருஷத்துச் சோறு போயிற்று. ஆனாலும் யாரும் பதறவில்லை, கொட்டகையில்தான் துத்தம் இருக்கிறதே என்று மூட்டையை அவிழ்க்கப் போனார்கள்.

மூட்டைகள் காலியாக இருந்தன.

கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது, எலி கடித்த ஓட்டை இல்லை, சிந்தியது ஒரு பொடியும் இல்லை. சாக்குகள் மட்டும் காற்றுப் போன பலூன்போலத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கீழத்தெருவிலும் அப்படித்தான், மேலத்தெருவிலும் அப்படித்தான், ஆற்றங்கரைத் தோட்டங்களிலும் அப்படித்தான். கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் ஆள் ஓடியது. பள்ளத்தாக்கு முழுக்க நோய் இறங்கியிருந்ததால் கடைகளில் துத்தம் தீர்ந்துபோயிருந்தது, லாரி வர வாரமாகும் என்றார்கள்.

திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் முத்துக்கெம்பன் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அமலியின் வீட்டுக்கு வந்தார். அவர் பின்னால் ஊரே வந்தது. கல்லை அண்ணாந்து பார்த்தார், சாக்கைக் குனிந்து பார்த்தார்.

"ஏத்தா, எங்க வீட்டுத் துத்தம்லாம் எங்க போச்சு?"

அமலி புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள். இத்தனை நாள் தட்டிக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்தச் சாக்கின் உருவத்தில் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"எங்கயும் போகல தலைவரே. இங்கதான் நிக்குது."

கூட்டம் முணுமுணுத்தது. ஒருவர், "ஊர்ச் சொத்த உறிஞ்சி ஒரு வீட்டுல சாமி வளத்திருக்காங்க" என்றார். இன்னொருவர், "அவங்க மூட்டையும் காலிதானய்யா, போய்ப் பாருங்க" என்றார். சேசுராசா மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாரும் களவாங்கல" என்றாள் அமலி. "இல்லாததுல இருந்து ஒண்ணும் வராது, இருக்கிறது ஒண்ணும் இல்லாமப் போகாது. இது என் பாடத்துல மொதப் பக்கத்துல இருக்கு. உங்க ஒவ்வொருத்தர் மூட்டையும் ஒரு மணி குறையாம இதுக்குள்ள இருக்கு. எடுத்துக்குவோம்."

முத்துக்கெம்பன் இளவட்டங்களைக் கூப்பிட்டுக் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். ஓங்கிப் போட்டார்கள். கல் கணீரென்று ஒலித்தது, சீவலாய் ஒரு சில்லுத் தெறித்தது, அவ்வளவுதான். மறுபடி மறுபடி போட்டார்கள், மணியோசை ஊர் முழுக்கப் போனதே தவிரக் கல் அசையவில்லை. சாரலில் நனைந்த கல்லின்மேல் பட்டுப்பட்டுக் கடப்பாரையின் முனைதான் செம்பு நிறமாகச் சிவந்திருந்தது.

முத்துக்கெம்பன் அந்த முனையைத் தடவிப் பார்த்தார். "மருந்து கலக்கையில அரிவாள முக்கிப் பாப்போம். செவந்தா சுண்ணாம்பு பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவோம். எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தான். ஏன் செவக்குதுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லத்தா."

"தண்ணிக்குள்ள செம்பு இருக்கு தலைவரே. இரும்பு அதைவிட வேகமானது. செம்பைத் தள்ளிவிட்டுட்டு அது உள்ள போயி உக்காந்துக்கும். வெளிய வந்த செம்பு இரும்பு மேலயே படிஞ்சிரும். சுண்ணாம்பு போதுமான அளவு இருந்தா அது செம்பைப் பிடிச்சு வச்சுக்கும், இரும்பால தள்ள முடியாது."

அவர் அந்தச் சிவப்பை இன்னொரு தரம் விரலால் தேய்த்துப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார் மெதுவாக. அப்புறம், "இப்ப என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார்.

"அடிக்க வேணாம். கரைக்கலாம். பச்சத் தண்ணிய விடச் சுடுதண்ணி நெறையக் கரைக்கும். கோயில் அண்டா, சர்ச் அண்டா எல்லாத்துலயும் தண்ணி காய வைங்க. கவாத்து வெட்டின குச்சி மலைமலையாக் கெடக்கு, அதை எரிங்க. சுத்தித் தார்ப்பாய் விரிச்சு, வழியிறத பிளாஸ்டிக் டிரம்முல பிடிங்க. இரும்பு வாளி மட்டும் வேணாம்."

அப்போதுதான் சூசையம்மாள் எழுந்தாள். முக்காலியைக் கல்லின் முன்னால் போட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"என் மேல ஊத்திட்டு அப்புறம் கல்லு மேல ஊத்துங்க."

யார் சொல்லியும் கேட்கவில்லை. தலைவர் கைகூப்பினார், உபதேசியார் வேதத்திலிருந்து எடுத்துச் சொன்னார், மகன் வந்து தோளைத் தொட்டான். "இத்தன காலங்கழிச்சு இந்த வாசலுக்கு வெளிச்சம் வந்திருக்கு. இதையும் அணைக்கச் சொல்றீங்களா?" என்று அவள் கேட்டாள்.

அமலி கூட்டத்தை இருக்கச் சொல்லிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்து அடுப்புக்குக் கூட்டிப் போனாள். கடப்பாரை பட்டுத் தெறித்த சில்லை மண் மூடியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் சில்லு சடசடவென்று பேசியது, ஆவி விட்டது, ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் சுண்ணாம்புப் பொடிபோல் உதிர்ந்து கிடந்தது. நீலம் இருந்த இடம் தெரியவில்லை.

சூசையம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "செத்துப்போச்சா?"

"இல்ல அத்தே. உள்ள இருந்த தண்ணி போயிருச்சு, அவ்வளவுதான்." மூடியை இறக்கி ஆறவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை மாமியாரிடம் நீட்டினாள். "நீங்களே ஒரு சொட்டு விடுங்க."

சூசையம்மாள் விரலை நனைத்து உதறினாள். சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளைப் பொடி புஸ்ஸென்று சூடாகி, மயில் கழுத்து நீலம் குபீரென்று எழுந்து வந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நனைத்து உதறினாள், இன்னொரு இடத்தில் நீலம். தன் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு கல் வானத்துக்கு வளர்ந்தபோது ஒரு புருவத்தைக்கூடத் தூக்காத சூசையம்மாள், ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் திரும்பி வந்த அந்த நிறத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டாள். இன்னொரு சில்லு இருக்கிறதா என்று கேட்டாள். அதையும் சுட்டு, அதையும் நனைத்துப் பார்த்தார்கள்.

"அப்ப கரைச்சுவிட்டாலும்..."

"எங்கயும் போகாது அத்தே. இங்க நிக்கிறது பந்தல்ல நிக்கும். உங்க வாசல்ல மட்டும் இருக்கிறது எல்லார் எலைலயும் இருக்கும்."

சூசையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வந்து முக்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். "என்னய்யா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அண்டாவக் கழுவுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது சாரல் விட்டிருந்தது. மருந்து அடிக்க அதுதான் நாள். அதுதான் அமலிக்குப் பரீட்சை நாளும். நான் இருக்கிறேன், அடுத்த தடவை எழுதிக்கொள்கிறேன் என்று அவள் வாயெடுப்பதற்குள் சூசையம்மாள் அவள் கையில் ஹால் டிக்கெட்டையும் இட்லிப் பொட்டலத்தையும் திணித்தாள்.

"போத்தா. சுடுதண்ணி, பிளாஸ்டிக்கு, இரும்பு ஆகாது, சுண்ணாம்புப் பாலு தனியா, அரிவாளு செவக்கக் கூடாது. எல்லாம் எனக்குப் பாடமாயிருச்சு. நீ போயி உன் பாடத்த எழுது."

பஸ் திரும்புகிற வளைவில் அமலி எட்டிப் பார்த்தாள். கூரைமேல் ஏறி நின்று சேசுராசா முதல் குடத்தைச் சாய்த்தான். ஆவி கிளம்பியது, கல்லின் உச்சியிலிருந்து நீலம் ஒழுகத் தொடங்கியது.

பரீட்சையில் அவள் என்ன எழுதினாள் என்பதைக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பாள். எழுதும்போது ஒரு கேள்விக்கும் புத்தகத்தின் பக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை, அடுப்படிதான் வந்தது என்பாள். ஆடி மாதம் முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள், நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். அடுத்த வருஷமே தேனிக்குப் போய் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தாள். இப்போது கம்பத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மாலை பஸ்ஸில் திரும்பும்போது, ஊருக்கு முந்திய மேட்டில் வண்டி ஏறியதும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஜன்னலுக்கு வந்தார்கள். கல்லைக் காணோம். கூரையில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. மலையடியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒரு பந்தல் விடாமல், இலைக்கு இலை வெளிர் நீலம் பூசி, தரையில் இன்னொரு வானத்தை விரித்துப் போட்டதுபோல் பள்ளத்தாக்கு கிடந்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்துபோனார்.

அமலி இறங்கி ஓடினாள். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியாக அவர்கள் வீட்டுப் பந்தலுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரார் பந்தலெல்லாம் முடிகிறவரை எங்கள் பந்தலைத் தொடக் கூடாது என்று சூசையம்மாள் சொல்லிவிட்டாளாம். எல்லாப் பந்தலும் வெயிலில் காய்ந்திருந்தது, இது மட்டும் ஈரமாக இருந்தது. முழங்கை வரை நீலம் ஏறிய கையோடு பந்தலுக்குள் நின்ற சூசையம்மாள் மருமகளைப் பார்த்ததும், பரீட்சையைக் கேட்கவில்லை, மலையைக் காட்டினாள்.

"மழை வருதுடி. காயலயே. கழுவிக்கிட்டுப் போயிருமா?"

முத்துக்கெம்பனும் உபதேசியாரும் கை கழுவாத ஆண்களும் பெண்களும் பந்தலைச் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய பந்தல்களுக்கு இனிப் பயமில்லை, ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அமலி ஒரு இலையை விரலால் தொட்டாள். ஓரத்தில் ஈரம், நடுவில் உலரத் தொடங்கியிருந்தது. "துத்தத்த மட்டும் அடிச்சிருந்தா கழுவிட்டுப் போயிருக்கும். சுண்ணாம்பு சேந்தப்புறம் அது வேற பொருள் அத்தே. வீழ்படிவுன்னு பேரு. தண்ணில கரையாது. எலையப் பிடிச்சிருந்தா போதும்" என்றாள். "பிடிச்சிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள், அது தனக்கே சொல்லிக்கொண்டது.

முதல் தூறல் விழுந்தது, தொடர்ந்து மழை சடசடவென்று இறங்கியது. ஒருவரும் ஒதுங்கவில்லை. நீல இலைகளின் மேல் நீர் உருண்டு, நுனிகளில் திரண்டு, கொத்துகளின் மேல் சொட்டியது. சொட்டுகிற நீரைச் சூசையம்மாள் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். கையே நீலமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று, நீலம் படாமல் இடுப்பில் செருகி வைத்திருந்த தன் வெள்ளைப் புடவையின் முந்தானையை உதறி, இரண்டு கைகளாலும் இலைகளுக்கு அடியில் ஏந்திப் பிடித்தாள். ஊரே தலையை நீட்டி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொட்டு மேல் சொட்டாக விழுந்தது, துணி நனைந்தது, கனத்தது, தொங்கியது.

வெள்ளையாகவே இருந்தது.

அவள் அதைப் பிழிந்தாள். மறுபடி ஏந்தினாள். பிறகு நனைந்த முந்தானையைத் தலைக்கு மேலே தூக்கிப் பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் தெரியும்படி விரித்துக் காட்டினாள். மழைச் சத்தத்தில் அவள் என்ன கத்துகிறாள் என்று யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பக் கத்தினார்கள்.